ஒரு கண்ணில் சிவப்பு மங்கினால்

(எமது சங்க மகளிர் பிரிவின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை, சித்திரைப் புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



செயலாளர் அக்கா என்னை "கண்ணைப் பற்றி ஏதாவது கதையுமன்" என்று கேட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். நான் டொக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை. ஊரிலே ஏ.எல். வரைக்கும் உயிரியல் படித்தேன், அதோடு சரி. பிறகு நாட்டு நிலைமை, பயணம், காம்ப், இப்போது பத்து வருஷத்துக்கு மேலாக இந்த ஜெர்மனியிலே வயர் கட்டுகிற தொழிற்சாலை வேலை. ஆனால் கண் நரம்பு வீக்கம் என்ற வருத்தம் எனக்கு வந்தது. வந்த நேரம் எனக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாது. ஒன்பது நாளை வீணாக்கினேன். அந்த ஒன்பது நாளைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

2022 நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேர சிப்ற். வலது கண்ணுக்குப் பின்னாலே ஒரு நோ. சும்மா இருந்தால் பெரிதாகத் தெரியாது, கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் உள்ளே யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. குளிர்காற்றுப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். வீட்டிலே மாமி வேர்க்கொம்பு அரைத்து நெற்றியில் பத்துப் போட்டு விட்டா. அவவின்ரை அன்புக்கு நான் குறை சொல்லவில்லை. புதன்கிழமை எழும்பினால், குளிர்காலத்திலே பஸ் கண்ணாடியில் ஆவி படியுமே, அப்படி ஒரு புகார் அந்தக் கண்ணிலே. கசக்கினேன், கழுவினேன், போகவில்லை. நாளுக்கு நாள் தடித்தது.

எங்கள் வேலை நிறத்தோடுதான். சிவப்பு வயர் இந்த ஓட்டைக்குள், மண்ணிறம் அந்த ஓட்டைக்குள். வெள்ளிக்கிழமை ஒரு சிவப்பு வயரை எடுத்து மண்ணிற இடத்திலே செருகப் போய்விட்டேன். பக்கத்து மேசைப் போலந்துக்காரி பிடித்துவிட்டாள். அப்போதுதான் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன். இடது கண்ணுக்கு அது நல்ல செவ்வரத்தம்பூச் சிவப்பு. வலது கண்ணுக்கு அதே வயர் பழைய செங்கட்டி மாதிரி. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதின்ரை குறையை மறைத்துவிடும். ஆனபடியால் பொத்திப் பார்க்காமல் தெரியவராது.

சனிக்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போனேன். அந்தப் பெடியன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, "எந்தக் கண்ணாடி போட்டாலும் உங்களுக்குத் தெளியவில்லை, கண் டொக்டரிடம் போங்கள்" என்றான். இது எவ்வளவு பெரிய அடையாளம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கண்ணாடி போட்டும் தெளியாத மங்கல் என்றால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு கண் வைத்தியரின் இடத்துக்கு ரெலிபோன் எடுத்தோம். எனது ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன். ரெலிபோன் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்து வயது மகளிடம் கொடுத்தேன். அவள் பாவம், "அம்மாவுக்குக் கண் நோகுது, வடிவாத் தெரியேல்லை" என்று மட்டும் சொன்னாள். அடுத்த பக்கத்தில் இருந்தவ ஒன்றும் கேட்கவில்லை, மூன்று மாதம் கழித்துப் பெப்ரவரியில் ஒரு திகதி தந்தா. எனக்கு அதிலே இன்னும் மனவருத்தம் இருக்கிறது. "எப்ப இருந்து? ஒரு கண்ணோ இரண்டோ?" என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் எங்களிலும் பிழை இருக்கிறது. பிள்ளையை மொழிபெயர்க்க விடுகிறது பிழை. அது பிள்ளையின் வேலை இல்லை.

கடைசியில் வழி காட்டியது எங்கள் மேல்வீட்டு அக்கா. ஆஸ்பத்திரியிலே துப்பரவு வேலை செய்கிறா. படியிலே கண்டு விசாரித்துவிட்டு, "எடியே, ஒரு கண் ஒரு கிழமையிலை மங்கினது எண்டால் அது அவசரம், நாளைக்கு விடிய வெளிக்கிடு" என்றா. வியாழக்கிழமை பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் கண் பகுதிக்குப் போனோம். அது ஒன்பதாம் நாள்.

இனி இது என்ன வருத்தம் என்று எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன். கண்ணுக்குப் பின்னாலே மூளைக்குப் போகிற நரம்பு ஒன்று இருக்கிறது. அது தனி நரம்பு இல்லை, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் சேர்ந்த ஒரு கட்டு. நாங்கள் தொழிற்சாலையில் கட்டுகிற கேபிள் மாதிரித்தான். ஒவ்வொரு இழைக்கும் மேலே மயலின் என்ற கொழுப்பு உறை, எங்கள் வயரின் பிளாஸ்ரிக் உறை போல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தவறுதலாக அந்த உறையையே தாக்கும்போது நரம்பு வீங்குகிறது, செய்தி ஒழுங்காகப் போகாது. முதலில் அடிபடுவதில் ஒன்று நிறம், அதிலும் சிவப்பு. கண்ணை அசைக்கிற தசைகள் பின்னாலே அந்த நரம்பின் உறையோடு ஒட்டித்தான் தொடங்குகின்றன. அதனாலேதான் கண்ணைத் திருப்பும்போது நோகிறது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இந்த நோ இருக்கும். பெரும்பாலும் 20க்கும் 45க்கும் இடைப்பட்டவர்களுக்கு, நாலில் மூன்று பங்கு பெண்களுக்குத்தான் வருகிறது.

பரிசோதனை என்று பெரிய மெசின்களை நினைத்துப் பயந்து போனேன். முதலிலே அந்த டொக்டர் அம்மா எடுத்தது ஒரு சின்ன ரோச் லைற். ஒரு கண்ணுக்கு அடித்து, டக்கென்று மற்றக் கண்ணுக்கு மாற்றி, திரும்பவும் மாற்றிப் பார்த்தா. நல்ல கண்ணில் இருந்து வலது கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் கண்மணி சுருங்குவதற்குப் பதிலாக விரிந்ததாம். வெளிச்சம் அடிக்கிறது, ஆனால் நரம்பு அதைக் குறைத்துத்தான் சொல்கிறது என்று அர்த்தம். பிறகு நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிற இலக்கங்களை வாசிக்க வைத்தா. இடது கண்ணால் எல்லாம் வாசித்தேன், வலது கண்ணால் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கண்ணுக்குள்ளே பார்த்துவிட்டு "பின்பக்கம் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது" என்றா. எனக்குப் பக்கென்றது, நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாவோ என்று. அப்படி இல்லை. மூன்று பேரில் இரண்டு பேருக்கு வீக்கம் கண்ணுக்கு எட்டாமல் பின்னாலே இருக்கும். நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, வைத்தியருக்கும் ஒன்றும் தெரியாது என்று கண் வைத்தியர்கள் இதைப் பகிடியாகச் சொல்வார்களாம்.

அதற்குப் பிறகு எம்.ஆர்.ரி. என்கிற காந்தப் படம், இரத்தம், கண் வலையின் தடிப்பை அளக்கிற படம், சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வருகிற கட்டங்களைப் பார்க்க வைத்து மூளைக்குச் செய்தி எவ்வளவு பிந்திப் போகிறது என்று அளக்கிற பரிசோதனை. கடைசியாக முள்ளந்தண்டில் இருந்து தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் சனத்துக்கு இதிலேதான் பெரிய பயம். "அது எடுத்தால் கால் விளங்காமல் போகும்" என்று எனக்கு மூன்று பேர் ரெலிபோனிலே சொன்னார்கள். ஊசி குத்துகிற இடத்துக்கு மேலேயே முண்ணாண் முடிந்துவிடுகிறது. கீழே இருப்பது தண்ணீருக்குள் மிதக்கிற நரம்பு இழைகள். எனக்கு இரண்டு நாள் தலையிடி இருந்தது, எழும்பினால் கூடும், படுத்தால் குறையும். அவ்வளவுதான்.

இப்போது மருந்துக்கு வருவோம். மீதைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட், நாளைக்கு 1000 மில்லிகிராம், சேலைன் போல நரம்பால் ஏற்றினார்கள். மூன்று தொடக்கம் ஐந்து நாள் ஏற்றுவது வழக்கம். இந்த மருந்தைப் பற்றி அமெரிக்காவிலே 457 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி செய்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். நான் எதிர்பார்க்காத முடிவு. மருந்து ஏற்றியவர்களுக்குப் பார்வை கெதியாகத் திரும்பியது, ஆனால் ஆறு மாதம், ஒரு வருஷம் போன பிறகு பார்த்தால் ஏற்றினவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் பார்வையிலே பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்த அளவிலே குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கு வருத்தம் திரும்பி வந்தது கூட. ஆனபடியால் யாரும் வீட்டிலே மிஞ்சிக் கிடக்கிற பிரெட்னிசொலோன் குளிசையை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

"அப்ப பிறகேன் அவசரம் அவசரம் எண்டு சொல்லுறாய்?" என்று கேட்பீர்கள். நானும் டொக்டர் அம்மாவிடம் அதைத்தான் கேட்டேன். அவசரம் மருந்து ஏற்றுவதற்கு மட்டும் இல்லை. இது எந்த வகை என்று அறிகிறதுக்குத்தான் முக்கியமாய் அவசரம்.

சாதாரண வகை என்றால் இரண்டு மூன்று கிழமையிலே தானாகவும் தெளியத் தொடங்கும். ஆனால் வெளியிலே பார்க்க இதே மாதிரி இருக்கிற வேறு வகைகள் இருக்கின்றன. ஒன்றிலே அக்குவாபோரின்-4 என்ற புரதத்தை உடம்பே தாக்குகிறது. அதைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை 2004க்குப் பிறகுதான் வந்தது. அந்த வகை தானாகச் சுகமாகாது, பார்வையை நிரந்தரமாகக் கொண்டுபோய்விடும், முள்ளந்தண்டையும் தாக்கும். அதற்கு ஸ்ரெரொயிட்டும், தேவை என்றால் இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுகிற சிகிச்சையும், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. அது திரும்பி வராமல் தடுக்க அதற்கென்றே மருந்துகள் 2019இல் இருந்து வந்திருக்கின்றன. மொக் என்று இன்னொரு வகை, பிள்ளைகளிடம் கூடக் காண்கிறார்கள். எம்.எஸ். என்ற நரம்பு நோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகள் அக்குவாபோரின் வகையைக் கூட்டிவிடும். எம்.எஸ். ஐரோப்பியரிடம் கூடுதல், எங்கள் பக்க நாடுகளிலே குறைவு. ஆனபடியால் எங்கள் முகத்தைக் கண்டால் வைத்தியர் மற்ற இரண்டுக்கும் இரத்தம் பார்த்தாரா என்று நாங்களே கேட்க வேண்டும். கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

வயதானவர்களுக்கு வேறு கதை. சலரோகம், பிரஷர் உள்ள ஒருவர் காலையில் எழும்பும்போது நோவே இல்லாமல் ஒரு கண் மங்கியிருந்தால் அது நரம்புக்கு இரத்தம் போகாமல் வந்ததாக இருக்கலாம். 50 வயதுக்கு மேலே, கன்னப்பொறி இடித்து, சப்பும்போது தாடை நொந்து, பார்வை போனால் அது இரத்தக்குழாய் வீக்கம். அதற்கு அன்றைக்கே ஸ்ரெரொயிட் கொடுக்காவிட்டால் மற்றக் கண்ணும் போகும். காசநோய்க்கு எதாம்பியூட்டோல் என்ற குளிசை எடுப்பவர்களுக்கு இரண்டு கண்ணிலும் நிறம் மங்கத் தொடங்கினால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் சொல்லத் தெரியாமல் ரி.வி.க்குக் கிட்டக் கிட்டப் போவார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கண்ணும் சேர்ந்து வருவதால் பொத்திப் பார்த்தும் பிடிபடாது.

ஸ்ரெரொயிட் ஏற்ற முதல் நாங்கள் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. காசநோய் வந்ததா, வீட்டிலே யாருக்காவது இருந்ததா. கல்லீரல் வருத்தம் பி இருக்கிறதா. ஊரிலே வெறுங்காலோடு வயலிலே திரிந்தவர்களின் குடலிலே ஒருவகைப் புழு பல வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும். ஸ்ரெரொயிட் ஏற்றினால் அது பெருகி உயிருக்கே ஆபத்து வரலாம். இங்கே உள்ள டொக்டர்மாருக்கு எல்லா நேரமும் இது ஞாபகம் வராது. சலரோகம் உள்ளவர்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எனக்குச் சலரோகம் இல்லை, அப்படியிருந்தும் அந்த நாட்களிலே சீனி ஏறியது, நித்திரை இல்லை, வாயிலே இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி, இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் குசினித் தட்டெல்லாம் துடைத்தேன். எங்கள் வீட்டுக் குசினி அப்படித் துப்பரவாக முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

நோ ஒரு கிழமையிலே போய்விட்டது. மூன்றாம் கிழமை புகார் நடுவிலே இருந்து கலையத் தொடங்கியது. இப்போது எழுத்துப் பலகையிலே கடைசிக்கு முதல் வரி வாசிப்பேன். பத்தில் ஒன்பது பேருக்கு மேலே ஒரு வருஷத்துக்குள் நல்ல பார்வை திரும்புகிறது, ஆனால் முன்னைப் போல முழுதாக என்று இல்லை. சிவப்பு எனக்கு இன்னும் கொஞ்சம் வெளிறித்தான். சுடுதண்ணியிலே குளித்தால், அடுப்படியிலே கனநேரம் நின்றால், ஹம் அம்மன் கோயில் தேர் அன்று வெயிலிலே நின்றால், அந்தக் கண் திரும்ப மங்கும். முதல் தடவை வருத்தம் திரும்பிவிட்டது என்று அழுதேன். இது உடம்புச் சூட்டினாலே வருவது, ஆறினால் போகும், நரம்புக்குப் புதிய சேதம் இல்லை. 1890இலேயே வில்ஹெல்ம் ஊட்ஹோவ் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் இதை எழுதி வைத்திருக்கிறார், இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். ஆனால் உடம்பு ஆறின பிறகும் ஒரு நாளுக்கு மேலே நின்றால் வைத்தியரிடம் போக வேண்டும்.

இன்னொன்று, தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவேன். ரோட்டிலே வருகிற கார் கிட்டவோ தூரவோ என்று பிடிபடாது. ஒரு கண்ணின் செய்தி பிந்தி வருவதாலே அசைகிற பொருளின் தூரம் பிழைக்கிறது. இதை 1922இல் விளக்கியவர் யேனா நகரத்திலே சைஸ் கம்பனியில் இருந்த கார்ல் புல்பிரிஷ். அவருக்கு ஒரு கண் பார்வை இல்லை, ஆகையால் தான் விளக்கினதைத் தானே பார்க்க முடியாது. டொக்டர் சொல்லும் வரை நான் கார் ஓட்டவில்லை. வேலையிலும் வெட்டுகிற மெசினில் இருந்து மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், தந்தார்கள். கடிதம் வைத்தியரிடம் வாங்கலாம்.

இனிச் சொல்லப் போவதை இன்று வரைக்கும் வீட்டாருக்கும் மேல்வீட்டு அக்காவுக்கும்தான் சொல்லியிருக்கிறேன். எனது மூளைப் படத்திலே இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நான் சொன்ன அந்த அமெரிக்க ஆராய்ச்சியிலே 15 வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, புள்ளி ஒன்றும் இல்லாதவர்களில் நாலில் ஒரு பங்குக்கும், ஒன்றாவது இருந்தவர்களில் 72 வீதத்துக்கும் எம்.எஸ். வந்திருக்கிறது. எனக்கு முள்ளந்தண்டுத் தண்ணீரிலும் அடையாளம் இருந்தது. எம்.எஸ். என்று சொல்லி மருந்து தொடங்கினார்கள். தொடங்கிய பிறகு இன்று வரை இரண்டாவது தாக்கம் வரவில்லை. வேலைக்குப் போகிறேன், உங்களுக்கு முன்னால் நிற்கிறேன்.

வெளியிலே சொல்ல வேண்டாம் என்றார்கள் வீட்டிலே. தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிற நேரம். நானும் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். போன வருஷம் ஒரு பிறந்தநாள் விழாவிலே ஒரு பிள்ளை, 24 வயது இருக்கும், ஒரு கண்ணைக் கையாலே பொத்திப் பொத்தி மேசையில் இருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. தனியக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று கிழமையாம். "அம்மாவுக்குச் சொன்னால் பயப்பிடுவா, பிறகு கலியாணத்துக்கும் பிரச்சினை எண்டு சொல்லுவினம்" என்றாள். அடுத்த நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு மொக் வகை. அவள் இப்போது சுகமாக இருக்கிறாள், அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். தங்கச்சிக்கும் சொன்னேன். அவளுக்குப் பேசின பகுதிக்கும் தெரியும். கலியாணம் ஆவணியிலே.

முடிக்க முதல் ஒரு வேலை. இங்கே மேடையிலே கட்டியிருக்கிற சிவப்புத் துணியை எல்லோரும் முதலில் வலது கண்ணைப் பொத்தி, பிறகு இடது கண்ணைப் பொத்திப் பாருங்கோ. இரண்டும் ஒரே சிவப்போ? ஒரே சிவப்பு என்றால் நல்லது. ஒன்று வெளிறி இருக்கிறது, அது சில நாளுக்குள் வந்தது, கண்ணைத் திருப்பினால் நோகிறது என்றால் நாளைக்கே கண் ஆஸ்பத்திரி அவசரப் பகுதிக்குப் போங்கோ. இரவோ சனி ஞாயிறோ எங்கே போகிறதென்று தெரியாவிட்டால் 116117 இலக்கத்துக்கு அடியுங்கோ. "கண் மங்கல்" என்று மட்டும் சொல்லாமல், எந்த நாளில் இருந்து, எந்தக் கண், அசைத்தால் நோகுதா, மூன்றையும் சொல்ல வேண்டும். எழுதி வைத்துப் பார்த்து வாசியுங்கோ, வெட்கம் இல்லை: "ஸைற் மிற்வொக் சேகெ இஷ் மிற் டெம் ரெஷ்ரன் அவுகெ ஷ்லெஷ்ற், உன்ட் வென் இஷ் டஸ் அவுகெ பெவேகெ, டூற் எஸ் வே." புதன்கிழமையில் இருந்து வலது கண்ணால் சரியாகத் தெரியவில்லை, கண்ணை அசைத்தால் நோகிறது என்று அர்த்தம். கிழமையையும் கண்ணையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கோ. இடது கண் என்றால் "லிங்கன்".

கூட யாரும் வர வேண்டும் என்றால் நான் வருவேன். காலைச் சிப்ற் கிழமையிலே பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு, பின்னேரச் சிப்ற் கிழமையிலே காலையில். கூட்டம் முடிய தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்திலே நிற்பேன், கேள்வி இருந்தால் அங்கே கேளுங்கோ.